புள்ளிக்குப் பின்னால் இருந்த பெயர்

ஆம்பூரில் ஷூ தயாரித்து ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஏற்றுமதி ஆவணப் பிரிவில் எனக்கு வேலை. பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், துறைமுகத்துக்குப் போகும் தாள்கள், வாங்குகிற கம்பெனிகளோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். பதினெட்டு வருடமாகிவிட்டது. ஷூவின் தையலைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். ஆனால் ஒரு தாளில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் எட்டி நின்றாலும் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கண்ணை நம்பித்தான் நான் ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வருடம் எங்களுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன யூனிட்டில் யாரோ ஒரு பொய் மெயிலைத் திறந்துவிட்டார்கள். பழக்கமான ஒரு கம்பெனியின் முகவரி போலவே இருந்ததாம், ஓர் எழுத்துதான் வேறு. திறந்த கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. ஒரு வாரம் அவர்கள் கார்பன் பேப்பர் வைத்துக் கையால் பேக்கிங் லிஸ்ட் எழுதினார்கள். இதைக் கேள்விப்பட்டு எங்கள் ஜெனரல் மேனேஜர் பயந்துபோனார். அறுபதை நெருங்குகிறவர். தொழிற்சாலையில் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் மேஜைக்கே வந்து நின்றார்.

"மா, எழுத்து பாக்கற ஆளு நீதான். எது நல்ல மெயிலு, எது கெட்ட மெயிலுன்னு எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு ரூல் எழுதி ஒட்டிடு. ஒரே லைன்ல இருக்கணும். ஜாஸ்தி எழுதினா யாரும் படிக்கமாட்டாங்க."

நான் இரண்டு நாள் யோசித்து ஒன்று எழுதினேன். முகவரியின் கடைசியில் டாட் காம் அல்லது டாட் இன் இருக்க வேண்டும், வேறு எது இருந்தாலும் திறக்காமல் அழித்துவிடவும். அச்செடுத்து, லேமினேட் செய்து, அலுவலகத்திலிருந்த ஏழு கம்ப்யூட்டர்களுக்கும் மேலே ஒட்டினேன். வேலூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வந்து எங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற அண்ணன் ஒருவர் உண்டு. அவர் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒண்ணும் இல்லாததுக்கு இது தேவல" என்றார். அந்தத் தலையாட்டலை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த மெயில் விஷயம். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஐரோப்பாவில் இருக்கிற ஒரு பிராண்ட். அதன் பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் பிராண்ட் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். அவர்களுக்கு நாங்கள் தைத்த ஷூ கிளம்புவதற்கு முன்னால், அவர்களுடைய இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்து பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அவர் வரவேண்டிய நாளை பிராண்டின் இணையதளத்தில் நான் பதிவு செய்வேன். அப்படிப் பதிவு செய்கிற இடம் மாறப்போகிறது, அடுத்த மாதத்திலிருந்து புது முகவரிக்கு வாருங்கள் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் மெயில் வந்தது.

புது முகவரியைப் பார்த்தேன். சப்ளையர் என்று ஒரு சொல், பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பிறகு பிராண்டின் பெயர். அதோடு முடிந்துவிட்டது. டாட் காம் இல்லை, டாட் இன் இல்லை, எதுவுமே இல்லை. மெயிலை அனுப்பியவரின் முகவரியும் அப்படியேதான் முடிந்தது. யாரோ எழுதிக்கொண்டே வந்து பாதியில் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

பக்கத்து மேஜையில் எங்கள் மெர்ச்சண்டைசர் இருந்தாள். பிராண்டோடு டிசைன், சாம்பிள் பற்றியெல்லாம் பேசுவது அவள் வேலை. வீட்டில் உருது பேசுகிறவள், எங்களோடு வெளுத்து வாங்குகிற தமிழ். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அக்கா, இன்னா இது? புள்ளிக்கு அப்புறம் காம் எங்க போச்சு?"

"அதான் நானும் தேடறேன்."

"பிராண்ட் பேர்லயே முடியுது. அப்டி கூட இருக்குமா?"

"பேர் முன்னாடி வரும், புள்ளி பின்னாடி வரும். பேரே பின்னாடி வந்தா அது எப்டிம்மா முகவரி ஆகும்?"

இருவரும் தலையைத் தூக்கி நான் ஒட்டிய தாளைப் பார்த்தோம். அழித்துவிட்டேன். அந்த மாதத்தில் அதே மாதிரி இன்னும் மூன்று மெயில்கள் வந்தன. மூன்றும் ஒன்றைவிட ஒன்று அவசரம் காட்டின. அவசரப்படுத்துகிற மெயிலை நம்பக்கூடாது என்றும் எங்கேயோ படித்திருந்தேன். மூன்றையும் அழித்தேன். பாயிடம் போய்ச் சொன்னபோது "சபாஷ்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, ஏழு கம்ப்யூட்டர்களை நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதம் ஒரு லாட் ஷூ தயாரானது. எப்போதும் போடுகிற பழைய தளத்திலேயே புதன்கிழமைக்கு இன்ஸ்பெக்ஷன் போட்டேன். பச்சை நிறத்தில் டிக் வந்தது. புதன் காலையில் பெட்டிகளை ஃபினிஷிங் ஹாலில் பரிசோதனைக்கு வாகாக அடுக்கி வைத்தார்கள். மறுநாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போகவேண்டும். இன்ஸ்பெக்டர் வழக்கமாகப் பத்து மணிக்கெல்லாம் காரைவிட்டு இறங்கிவிடுவார். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அவருக்கென்று வாங்கி வைத்த டீ ஆறிப்போய், இன்னொன்று வாங்கி அதுவும் ஆறியது. பிராண்டின் சென்னை அலுவலகத்துக்கு, என் டைரியில் வருடக்கணக்காக இருக்கிற நம்பருக்கு, போன் போட்டேன். அங்கே இன்ஸ்பெக்ஷன்களைக் கவனிக்கிற அதிகாரி எடுத்தார்.

"மேடம், நீங்க புக் பண்ணவே இல்லையே."

"பண்ணேன் சார். பச்சை டிக் கூட வந்துச்சு."

"எதுல பண்ணீங்க?"

"எப்பவும் பண்றதுலதான்."

"அதை விட்டாச்சு மேடம், பக்கம் மட்டும் இன்னும் திறக்குது. இப்ப அதை யாரும் பாக்கறது இல்ல. புது அட்ரஸ் மெயில்ல வந்துச்சே, நாலு வாட்டி."

நான் அழித்த நான்கு மெயில்களும் ஞாபகம் வந்தன. ஆனாலும் விடவில்லை. "சார், அந்த அட்ரஸ் உங்களோடதுதானா? கடைசியில காமே இல்லாம இருந்துச்சே?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உண்மையைச் சொல்லணும்னா மேடம், எனக்கும் அது இன்னான்னு தெரியல. மேல இருந்து வந்துச்சு, நாங்களும் யூஸ் பண்றோம். எனக்கும் மொதல்ல டவுட்டாதான் இருந்துது."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது பொய் என்றால் சென்னை அலுவலகமே ஏமாந்துபோயிருக்கிறது. நிஜம் என்றால் ஏமாந்தது நான். எது என்று அவருக்கே உறுதி இல்லாதபோது நான் எதை வைத்து முடிவு செய்வது?

பாய் வந்தார். "இன்னாம்மா ஆச்சு? ஆளையே காணோம்?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்போ அது நெசமா, பொய்யா?"

"தெரியல பாய். அரை மணி நேரம் குடுங்க, பாத்து சொல்றேன்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் கணவர் குடியாத்தத்தில் அச்சகம் வைத்திருக்கிறார். அதற்கு இணையத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது நான்தான், அதனால் பெயர் விற்கிற தளங்கள் எனக்குப் பழக்கம். எந்தப் பெயர் வேண்டும் என்று அடித்தால் டாட் காம், டாட் இன், டாட் ஷாப் என்று வரிசையாகக் காட்டும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். அங்கே போய் ஆம்பூர் என்று அடித்து, புள்ளி வைத்து, பிராண்டின் பெயரை அடித்தேன். என்னால் அதை வாங்க முடிந்தால் எந்தத் திருடனாலும் வாங்க முடியும், அப்படியானால் வந்த மெயிலும் திருடனுடையதாக இருக்கலாம். அதுதான் என் கணக்கு. ஆனால் வந்த பதில் நான் எதிர்பார்த்த இரண்டில் எதுவும் இல்லை. கிடைக்கும் என்றும் வரவில்லை, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்றும் வரவில்லை. இந்த முடிவில் பெயர் பதிவு செய்ய இயலாது என்று வந்தது. முடிவு என்று அவர்கள் சொல்வது கடைசிப் புள்ளிக்குப் பிறகு வருகிற துண்டை. வேலூர் என்று அடித்தேன். ஷூ என்று அடித்தேன். என் பெயரையே அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே பதில்.

நேராக பாயின் அறைக்குப் போனேன். "பாய், அப்டி ஒரு முடிவு உலகத்துலயே கிடையாது. யாருக்கும் விக்கறதே இல்ல. பொய்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, மெர்ச்சண்டைசர் தன் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். அந்த மெயிலில் வந்த தளத்தின் பெயரை நேராக அடித்துத் திறந்திருக்கிறாள். பிராண்டின் சின்னம், அந்த சீசனின் படங்கள், நாங்கள் தைத்துக்கொண்டிருக்கிற அதே ஷூ, மேலே சின்னதாகப் பூட்டுப் படம் என்று எல்லாம் இருந்தது.

"அக்கா, கிடையவே கிடையாதுன்னா இது எங்க இருந்து வருது?"

பாய் என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் போனைப் பார்த்தார். "ஒரே பேஜாரா இருக்குதும்மா" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் அண்ணனுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு அவர் ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனியில் இருந்தார். எதையும் அழுத்தாதீங்க, வர்றேன் என்றார். அவர் பைக்கில் வந்து சேர்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்து, தையல் லைன் பெண்கள் சாப்பிட்டுத் திரும்பியிருந்தார்கள். என் டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை.

நான் பெயர் வாங்கப் போன கதையைக் கேட்டதும் அவர் ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"விக்கலன்னுதான இருந்துச்சு? விக்கலன்றதாலதாம்மா அது நெசம்."

"புரியலண்ணா."

"டாட் காம் யார் வேணா வாங்கலாம். நீயும் வாங்கலாம், திருடனும் வாங்கலாம். இது அப்டி இல்ல. புள்ளிக்குப் பின்னாடி வர்ற பேரையே அந்த பிராண்ட் தனக்குன்னு எடுத்துக்கிச்சு. உலகம் பூரா இந்தப் பேருங்களைப் பாத்துக்க ஒரு அமைப்பு இருக்குது. அதுங்கிட்ட விண்ணப்பம் போட்டு, விசாரணையெல்லாம் முடிஞ்சு வாங்கினது. அதுக்குக் கீழ அவங்க மட்டும்தான் பேர் வெக்கலாம். வெளியாளுக்குக் கெடையாது."

"காசு குடுத்தாக்கூடவா?"

"எவ்ளோ குடுத்தாலும். அது கடையே இல்லம்மா, வூடு."

அந்த அமைப்பு வெளியிடுகிற பட்டியலைத் திறந்து காட்டினார். உலகத்தில் இருக்கிற முடிவுகள் எல்லாம் அகர வரிசையில் நீண்டுகொண்டே போயின. நாடுகள், ஊர்கள், தொழில்கள், நடுநடுவே கார் கம்பெனிகள், வங்கிகள், கடைகள். எங்கள் பிராண்டின் பெயரும் அதில் இருந்தது. நடத்துகிறவர் யார் என்ற இடத்தில், எங்கள் இன்வாய்ஸில் நான் வருடக்கணக்காக அடித்து வருகிற அதே கம்பெனியின் முழுப் பெயர், அதே ஊர். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஏதோ கொஞ்சம் பிடிபட்டது. எங்கள் தொழிற்சாலையில் ஓர் அறை பூட்டியே இருக்கும். பிராண்டின் பெயரை ஷூவில் பதிக்கிற அச்சுகள் அங்கே இருக்கின்றன. எங்கள் கட்டடத்தில், எங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன, ஆனாலும் எங்களுடையவை இல்லை. எத்தனை ஜோடிக்கு ஆர்டர் உண்டோ அத்தனைக்கு மட்டும் எடுத்துக் குத்திவிட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைக்கவேண்டும். பாயாகவே இருந்தாலும் தன் சொந்த ஷூவில் அந்தப் பெயரைக் குத்திக்கொள்ள முடியாது. அந்த அச்சு மாதிரியா அண்ணா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட" என்றார். கிட்டத்தட்ட என்றால் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கேட்க நினைத்தேன், நேரம் இல்லை.

புதுத் தளத்தில் இன்ஸ்பெக்ஷன் போட்டேன். வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேக்கிங் லிஸ்டை அவர்களுடைய புது மெயில் முகவரிக்கு அனுப்பவேண்டும். எங்கள் ஏற்றுமதி சாப்ட்வேரில் அந்த முகவரியை அடித்ததும் சிவப்பு எழுத்தில் வந்தது. சரியான மின்னஞ்சல் முகவரியை உள்ளிடவும்.

"அண்ணா, இது மட்டும் இன்னும் பொய்யின்னுதான் சொல்லுது."

அவர் குனிந்து பார்த்தார். "இதை எழுதினவன் அந்தக் காலத்து ஆளு. கடைசித் துண்டு நாலு எழுத்துக்கு மேல போனா முகவரியே இல்லன்னு எழுதி வெச்சிருக்கான். உன் ரூல் மாதிரியேதான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லிஸ்டை அவர் தனியாக எடுத்து வேறு வழியில் அனுப்பிவைத்தார். சாப்ட்வேரைச் சரி செய்ய இன்னும் சில வாரங்கள் பிடித்தன.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். ஜும்மா தொழுகைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். ஷூவில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் சரக்கு ஏறவேண்டிய கப்பல் போய்விட்டது, அடுத்த கப்பலில்தான் ஏறியது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு பிராண்டிலிருந்து கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் முகவரி உங்களுடையது என்று நம்பாததால் என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதி, கடைசியில் அதையே மரியாதையான வாக்கியமாக மாற்றிப் பாயிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

"பாய், என்னாலதான்" என்றேன்.

"ரூல் எழுதச் சொன்னது நான்தானே. ஒரே லைன்ல எழுதுன்னு சொன்னதும் நான்தான். விடும்மா."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் நாற்காலிமேல் ஏறி ஏழு தாள்களையும் நானே கிழித்தெடுத்தேன். புதிதாக ஒன்று எழுதப் பார்த்தேன். டாட் காம் இருந்தால் நம்பலாம் என்று எழுத முடியாது, அதை யாரும் வாங்கலாம். டாட் காம் இல்லாவிட்டால் நம்பலாம் என்றும் எழுத முடியாது, டாட் ஷாப்பில் ஒரு பெயரை நானே வாங்கிவிட முடியும். பிராண்டின் பெயரிலேயே முடிந்தால் நம்பலாம் என்று எழுதலாம், ஆனால் எனக்குத் தெரிந்து மற்ற வாடிக்கையாளர்கள் யாருக்கும் அப்படி ஒரு முடிவே இல்லை. அவர்கள் டாட் காமிலிருந்துதான் எழுதுகிறார்கள், அவர்களும் நிஜம்தான். நான்கு தாள் கசக்கிப் போட்ட பிறகு விட்டுவிட்டேன். இப்போது சந்தேகம் வந்தால் டைரியில் இருக்கிற நம்பருக்குப் போன் போட்டுக் கேட்கிறோம், அவ்வளவுதான். மெர்ச்சண்டைசர் ஒரு தடவை என்னைக் கேட்டாள், "அந்த நம்பர்ல பேசறவரே ஏமாந்திருந்தா இன்னாக்கா பண்றது?"

பாய்க்கு மட்டும் வேறொரு ஆசை முளைத்துவிட்டது. ஒரு நாள் கம்ப்யூட்டர் அண்ணனை உட்கார வைத்து, "நம்ம கம்பெனி பேர்லயும் அந்த மாதிரி ஒரு முடிவு வாங்கிடலாமா?" என்று கேட்டார். அண்ணன் பொறுமையாக விளக்கினார். நினைத்த நேரத்துக்கு விண்ணப்பம் போட முடியாது, கதவு எப்போதாவதுதான் திறக்கும், எங்கள் தொழிற்சாலை தாங்கக்கூடிய செலவும் இல்லை, வாங்கின பிறகு அதை நடத்தவே தனி ஆட்கள் வேண்டும். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்ளோ செலவு பண்ணி வாங்கிட்டு யாருக்குமே குடுக்காம வெச்சிக்கிட்டு இன்னா பண்றாங்க?" என்றார். அண்ணன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

போன மழைக்காலத்தில் எங்களுடைய இன்னொரு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. தங்கள் பெயரில் வைத்திருந்த முடிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், இனிமேலும் பழையபடி டாட் காமுக்கே எழுதுங்கள் என்று இருந்தது. அவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதிலிருந்து எங்களுக்கு ஒரு மெயில்கூட வந்ததில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, திருப்பிக் குடுத்துட்டா அந்தப் பேர் யாருக்குப் போவும்? இப்ப நம்ம வாங்கலாமா?"

"யாருக்கும் போவாதும்மா. எடுத்துடுவாங்க. அவ்ளோதான்."

"எடுத்துடுவாங்கன்னா?"

"இல்லாம போய்டும்."

திருப்பிக் கொடுத்ததாக மெயிலில் போட்டிருந்த முகவரியை அடித்துப் பார்த்தேன். பக்கம் திறக்கவில்லை, அப்படி ஓர் இடமே இல்லை என்று வந்தது. பெயர் விற்கிற தளத்திலும் அடித்துப் பார்த்தேன். இந்த முடிவில் பெயர் பதிவு செய்ய இயலாது. இருக்கிற பெயருக்கு என்ன பதில் வந்ததோ, இல்லாத பெயருக்கும் எழுத்துப் பிசகாமல் அதே பதில். பிறகு அந்த வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, நீங்கள் அனுப்பிய மெயில் நீங்கள் அனுப்பியதுதானா என்று கேட்டேன். எடுத்த பெண் சிரித்துவிட்டு, ஒரு நிமிஷம் மேடம், கேட்டுச் சொல்றேன் என்று என்னைக் காத்திருக்க வைத்தாள்.